ஆண்டவரிடம் எனக்கு ஜெபம் வருகிறது, பேச்சு வரவில்லை

ரூத்_திருப்பூர் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையாக எழுதுகிறேன்.

எனக்கு 33 வயது. பிறந்த ஊர் நாசரேத் பக்கம், தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். கல்யாணமாகி 9 வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை 8.30க்குப் போனால் வீடு வந்து சேர இரவு 9 ஆகிவிடும்.

போன மாதம் எங்கள் சபையில் 3 நாள் கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் யோவான் 15:15. "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை" என்று தொடங்கி "நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" என்று வருமே, அந்த வசனம். சண்டே ஸ்கூலில் அதை ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். பிரசங்கியார் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "நேற்று உங்கள் சிநேகிதியிடம் என்ன பேசினீர்கள்? நேற்று ஆண்டவரிடம் என்ன பேசினீர்கள்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

என் டேபிளில் எனக்கு எதிரே நிற்கிற அக்காவோடு 7 வருஷப் பழக்கம். பீஸை விரித்து, தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து மடித்து வைக்க வேண்டும். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். அவர் மகன் கணக்கில் வாங்கின மார்க், என் மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, சீட்டுப் பணம், எல்லாம் பேசுவோம். "நேத்து தூக்கமே வரலக்கா" என்று நான் சொன்னால் போதும், எதனால் என்று அவரே சொல்லிவிடுவார்.

அதே நான் காலை 5 மணிக்கு இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு முழங்கால் போட்டால், "சர்வவல்லமையுள்ள எங்கள் பரலோகப் பிதாவே, கடந்த இரா முழுவதும் எங்களைக் கண்ணின் மணிபோல் காத்து இந்தப் புதிய நாளைக் காணச் செய்தீரே" என்று வருகிறது. இது எங்கள் உபதேசியார் தாத்தாவின் குரல். அப்புறம் வரிசை. வீட்டுக்காரர், பிள்ளைகள், கடன், சபை, தேசம். "ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே, ஆமென்." கண்ணைத் திறந்து பார்த்தால் 4 நிமிஷம் ஆகியிருக்கும். இட்லி வெந்திருக்காது.

அது பொய்யான ஜெபம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான் சொல்கிறேன். ஆனால் "நீர்", "உம்மை" என்று ஆரம்பித்ததுமே எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேடை வந்துவிடுகிறது. அவர் மேலே, நான் கீழே பாயில். "நீங்க" என்று பேசிப் பார்த்தேன், சூப்பர்வைசரிடம் லீவு கேட்கிறது போல இருந்தது. "நீ" என்று சொல்ல வாய் வரவில்லை.

சிநேகிதராக ஆவது என்றால் உண்மையில் என்ன செய்வது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வசனம் எனக்குத் தெரியும்.


அதிகாலை_சேலம் எழுதியது:

சிஸ்டர், எனக்கு உதவியது ஒரு 40 பக்க நோட்டு. ஜெபத்தை வாயால் சொல்லாமல் கடிதம் மாதிரி எழுதினேன். "அன்புள்ள ஆண்டவரே, நேற்று ஆபீசில்..." என்று ஆரம்பிப்பேன். எழுதும்போது பழைய ஜெப வார்த்தைகள் வருவதில்லை, ஏனென்றால் கடிதத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. இப்போது 6வது நோட்டு ஓடுகிறது. முயற்சி செய்து பாருங்கள்.


தேரிக்காட்டு_வாத்தியார் எழுதியது:

மகளே, நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். 71 வயது. தொடக்கப் பள்ளியில் 34 வருஷம் வாத்தியாராக இருந்தேன். நீங்கள் நாசரேத் பக்கம் என்று சொன்னதால் அந்த "நீர்" விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன்.

நம் ஊரில் "நீர்" என்பது யார் யாரிடம் சொல்கிற வார்த்தை? யோசித்துப் பாருங்கள். கலெக்டரிடம் சொல்ல மாட்டோம். சின்னப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டோம். டீக்கடை பெஞ்சில் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "என்னவே, நேத்து ஆளையே காணோம், எங்க போனீரு?" "இரும்வே, டீயக் குடிச்சிட்டுப் போவும்." அதில் மரியாதையும் உண்டு, தோளில் கை போடுகிற உரிமையும் உண்டு. 40 வருஷம் ஒன்றாகப் பழகின ரெண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற வார்த்தை அது. வேதாகமத்தைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் இதை மனதில் வைத்துத்தான் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அது மரியாதைச் சொல். ஆனால் நம் காதில் அது சிநேகிதச் சொல்லாகவும் விழுகிறதே, அதை ஏன் விடவேண்டும்? திருப்பூருக்குப் போய் 9 வருஷமானதில் உங்கள் காது கொஞ்சம் மாறியிருக்கலாம். ஊருக்கு வந்தால் டீக்கடைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பாவால் தெரியும்.

அப்பா பனையேறி. பதநீர் சீசனில் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். எனக்கு அப்போது 8, 9 வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகும்முன் கூடவே போவேன், கீழே குடத்தோடு நிற்பேன். காலில் திளாப்புக் கயிறு, இடுப்பில் அரிவாள் பெட்டி. ஏறி மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாளையைச் சீவுவார். கீழே நிற்கிறவனுக்கு ஆள் தெரியாது. சீவுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் சத்தத்தோடு பேச்சும் கேட்டது.

"கேட்டீரா, இந்தப் பாளை ரெண்டு நாளாச் சொட்டவே மாட்டேங்கு. நான் என்ன செய்யட்டும், நீரே சொல்லும்."

கொஞ்ச நேரம் சீவுகிற சத்தம். அப்புறம்,

"பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். கையில ஒண்ணும் கிடையாது. உமக்குத் தெரியாததா."

பக்கத்து மரத்தில் சித்தப்பா ஏறியிருக்கிறார் போல என்று நினைத்தேன். அண்ணாந்து சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. இறங்கினதும் கேட்டேன். "யாருட்டப்பா பேசின?" "ஆண்டவர்ட்டதான். 40 மரம் ஏறி இறங்கணும். பேசாம எப்படில ஏற?"

இதே அப்பாவைச் சபையில் ஜெபம் பண்ணச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார். குருவானவர் வீட்டுக்கு வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. வேதத்தை அம்மா வாசிக்க, திண்ணையில் கருப்பட்டிப் பெட்டியைப் பின்னிக்கொண்டே கேட்பார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. அப்பாவோடு கூட ஏறுகிற சிநேகிதர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். 3 சின்னப் பிள்ளைகள் அவருக்கு. அதற்கப்புறம் ஒரு வாரமோ 10 நாளோ அப்பா மரத்தில் பேசவில்லை. சீவுகிற சத்தம் மட்டும்தான். எனக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது. பிறகு ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது. "உம்மட்டப் பேச எனக்கு இஷ்டமில்ல. இருந்தாலும் சொல்லுதேன்." அப்புறம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, காற்று அடித்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு மரத்தில் ரொம்ப நேரம் இருந்தார். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. கலயத்தில் பதநீர் வழக்கம் போலத்தான் இருந்தது.

நான் பெரியவனாகி வேதம் வாசிக்கத் தொடங்கினபோது, ஆண்டவரின் சிநேகிதன் என்று வேதம் சொல்கிற ஆபிரகாமை எனக்குப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஆதியாகமம் 18ல் ஆண்டவர்தான் முதலில் வாயைத் திறக்கிறார். "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" சோதோம் பட்டணத்தை அழிக்கப்போவதைச் சொன்னதும், அங்கே இத்தனை நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆபிரகாம் பேரம் பேசுகிறார். 50 பேர், 45, 40, 30, 20, 10. ஆறு தடவை. ஆண்டவர் ஒரு தடவையாவது "போதும் நிறுத்து" என்று சொன்னாரா? அந்தப் பேச்சு நடந்த மம்ரே, எபிரோன் பக்கம். அந்த எபிரோனுக்கு அரபு மொழியில் இன்றைக்கும் "அல் கலீல்" என்றுதான் பேர். சிநேகிதன் என்று அர்த்தம். ஒரு ஊரே அந்தச் சிநேகிதத்தின் பேரால் நிற்கிறது.

உபதேசியார் தாத்தா குரலில் வருகிற ஜெபத்தை நிறுத்த வேண்டாம் மகளே, அது உங்கள் சொத்து. ஆமென் சொன்ன பிறகு டேபிளில் நிற்கும்போது, எதிரே இருக்கிற அக்கா தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். "கேட்டீரா" என்று ஆரம்பியுங்கள்.


உதவிகுரு_மதுரை எழுதியது:

ஐயா எழுதினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க வரவில்லை. பக்கத்தில் வைக்க ஒன்று இருக்கிறது.

சகோதரி, நீங்கள் "எப்படிப் பேசுவது" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அந்த 15ஆம் வசனம் நம் பேச்சைப் பற்றியது அல்ல. "என் பிதாவினிடத்தில் நான் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் உங்களுக்கு அறிவித்தேன்" என்று அவர் பேசினதைப் பற்றியது. எஜமான் வேலைக்காரனிடம் வேலையைச் சொல்வான், மனதைச் சொல்ல மாட்டான். அவர் மனதைச் சொன்னேன் என்கிறார். அப்படியானால் நாம் கேட்டோமா?

நான் இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் வேதத்தைத் தேர்வுக்காகப் படித்துப் படித்து அவர் முகமே மறந்துபோனது. அப்போது ஒரு மூத்த ஆயர் சொன்னதைச் செய்தேன். மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம்தான். அதில் அவர் எதற்குக் கோபப்பட்டார், எதற்கு மனதுருகினார் என்று மட்டும் பென்சிலால் குறிக்கச் சொன்னார். சூம்பின கைக்காரனை ஓய்வுநாளில் குணமாக்குவாரோ என்று கணக்குப் பார்த்தவர்களிடம் கோபம். மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல நின்ற கூட்டத்தைப் பார்த்து மனதுருக்கம். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினபோது மறுபடியும் கோபம். குறித்து முடித்தபோது இவருக்கு எது பிடிக்கும், எது தாங்காது என்று ஒரு ஆளைத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. உங்கள் டேபிள் அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே, அதுமாதிரி.

இன்னொன்று. அந்த வார்த்தையை அவர் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். சில மணி நேரத்தில் அவரை விட்டு ஓடப்போகிறவர்களிடம். அதே இரவில் தோட்டத்தில் யூதாஸ் முத்தமிட வந்தபோதும் "சிநேகிதனே, என்னத்திற்காக வந்திருக்கிறாய்" என்றார். மூலமொழியில் இரண்டு இடத்திலும் சொல் வேறு, தமிழில் ஒன்றாகியிருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தை வாசிக்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நாம் சரியாகப் பேசுவதால் வந்த சிநேகிதம் இல்லை இது. அவர் பக்கத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.


நைட்டிங்கேல்_தூத்துக்குடி எழுதியது:

ரூத் அக்கா, நான் கத்தோலிக்கப் பிள்ளை. நாங்கள் செபம் என்று எழுதுவோம், எங்கள் திருவிவிலியத்தில் "சிநேகிதர்" இல்லை, "நண்பர்கள்". மற்றபடி உங்கள் 4 நிமிஷம் எனக்கும் பழக்கம்தான்.

ஆவிலா புனித தெரேசாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1515ல் பிறந்த ஸ்பெயின் நாட்டுக் கன்னியர். செபம் என்றால் நம்மை நேசிக்கிறார் என்று தெரிந்த ஒரு நண்பரோடு தனியாக அடிக்கடி இருந்து பேசுவதுதான் என்று எழுதினவர். எங்கள் பங்குக் கோயிலில் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தைரியம் கொடுத்தது அவர் சொன்ன வேறொன்று. பல வருஷம் செப நேரத்தில் மனசு ஒட்டாமல், எப்போது மணி அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்று காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கொஞ்ச காலம் செபத்தையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவர்தான் பிற்பாடு தன் கன்னியர்களிடம், சமையலறையில் வேலை கொடுத்தால் வருத்தப்படாதீர்கள், பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்றார். அவர் தொடங்கிய கார்மேல் சீர்திருத்தத் துறவற சபையில் அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையல்காரராக ஒருவர் இருந்தார், லாரன்ஸ் சகோதரர். முன்னாள் சிப்பாய், கால் ஊனம். சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த வேலையைச் செய்துகொண்டேதான் நாள் முழுக்க ஆண்டவரோடு பேசப் பழகினார். உங்கள் இட்லிச் சட்டி நல்ல இடம் அக்கா. பாயை அங்கேயே போடுங்கள்.

இதுவரை சொன்னது புத்தகத்தில் படித்தது. இனி சொல்வது வார்டில் பார்த்தது. நான் நர்ஸ், 12 வருஷமாகப் பெரும்பாலும் நைட் டியூட்டி. ரவுண்டு போகும்போது "எப்படி இருக்கீங்க" என்று கேட்பேன். கத்துகிறவரை, சண்டை போடுகிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. "நல்லா இருக்கேன் சிஸ்டர், ரொம்ப நன்றி சிஸ்டர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவரைத்தான் இரண்டாவது தடவை போய்ப் பார்ப்பேன். பாதி நேரம் அங்கேதான் வலி இருக்கும்.

நீங்கள் எழுதின அந்தச் செபத்தைப் படித்ததும் எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. அது ரொம்ப மரியாதையான செபம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எப்போதுமே இப்படித்தான் செபித்தீர்களா, இல்லை ஏதாவது நடந்த பிறகா?


ரூத்_திருப்பூர் எழுதியது:

நர்ஸ் சிஸ்டர், உங்கள் கேள்வியை நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன். இப்போது இரவு 11 மணி, எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

எப்போதுமே இப்படி இல்லை. சின்ன வயதில் பேசுவேன். வாத்தியார் ஐயாவின் அப்பா மாதிரியே. கிணற்றடியில், பஸ்ஸில், பரீட்சை ஹாலில்.

2 வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டார்கள். அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில், வருஷத்துக்கான வசனம் என்று தட்டில் இருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது "இதோ, நான் உன்னைக் குணமாக்குவேன்". பிப்ரவரியில் அம்மாவுக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் 11 நாள். சபையில் எல்லோரும் அந்த அட்டையைச் சொல்லிச் சொல்லி ஜெபம் பண்ணினார்கள். நானும் 11 நாளும் ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் இருந்தேன். ஒரு துளி சந்தேகம்கூட இல்லாமல் நம்பினேன். 12ஆம் நாள் விடியற்காலை அண்ணன் போன் பண்ணினான். நான் அங்கே போய்ச் சேரவும் இல்லை, பஸ்ஸில்தான் இருந்தேன்.

அடக்க ஆராதனையில் நான் அழவில்லை. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று எல்லோருக்கும் நானே ஆறுதல் சொன்னேன். என் விசுவாசத்தைப் பெரியவர்கள் மெச்சினார்கள்.

அந்த அட்டை இன்னும் என் வேதாகமத்தில், அந்த வசனம் வருகிற 2 இராஜாக்கள் 20ல் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை. வாசிப்பு அட்டவணையில் அந்த அதிகாரம் வந்தபோதும் போனில்தான் வாசித்தேன்.

இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அம்மா போன பிறகுதான் தாத்தா குரல் வந்தது. என் குரலில் பேசினால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதனால்தான் போல.


தேரிக்காட்டு_வாத்தியார் எழுதியது:

மகளே, பெத்தானியாவில் ஒரு வீடு இருந்தது. ஆண்டவருக்குப் போய் இருக்க, சாப்பிட, காலை நீட்டி உட்கார இருந்த வீடு அது. லாசருவை "நம்முடைய சிநேகிதன்" என்றே சொன்னார். லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று அவன் சகோதரிகள் சொல்லி அனுப்பியும் 2 நாள் வேறு இடத்தில் தங்கிவிட்டுத்தான் வந்தார். அதற்குள் லாசருவை அடக்கம் பண்ணி 4 நாள் ஆகியிருந்தது. அவர் வந்ததும் மார்த்தாள் தெருவிலேயே போய்ச் சொன்னாள், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரம் கழித்து மரியாளும் அதே வார்த்தையைச் சொன்னாள். அக்காள் தங்கச்சி ரெண்டு பேரும் அந்த 4 நாளும் வீட்டுக்குள் இதையேதான் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இல்லாவிட்டால் அப்படி வார்த்தை மாறாமல் வருமா?

அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணீர் விட்டார்.

உங்களுக்கு நான் வேறு ஒன்றும் விளக்கப் போவதில்லை. அந்த வாக்கியம் உங்களுக்கும் உரியது. எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா என்று மட்டும் சொல்லாமல் பேரைச் சொல்லி, அந்த 11 நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எதையும் விடாமல் அவரிடம் கேளுங்கள்.


உதவிகுரு_மதுரை எழுதியது:

சகோதரி, ஒரே ஒரு விஷயம், சபைப் பொறுப்பில் இருக்கிற ஒருவனாக. அந்த வசனம் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி மூலம் வந்தது. அவருக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதைத் துண்டாக வெட்டி அட்டையில் அச்சடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தது நாங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அதை வைத்து உங்களை 11 நாள் நடத்தியவர்கள் அன்பினால்தான் செய்தார்கள், ஆனால் அவர் சொல்லாத ஒன்றை அவர் பேரில் சொல்லிவிட்டோம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதனால் உங்கள் கேள்வி தீர்ந்துவிடாது என்று தெரியும். ஐயா சொன்னபடி அவரிடமே கேளுங்கள்.


நைட்டிங்கேல்_தூத்துக்குடி எழுதியது:

அக்கா, சொன்னதற்கு நன்றி. இன்றைக்கும் நைட்தான். 3 மணி ரவுண்டில் உங்களையும் அம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.


ரூத்_திருப்பூர் எழுதியது:

5 நாள் கழித்து வருகிறேன். ஷிப்மென்ட் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது.

ஐயா, டேபிளில் "கேட்டீரா" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். 2 நாள் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கேட்டீரா என்பதோடு நின்றுவிடும். பிறகு பீஸைப் பார்ப்பேன். எதிரே இருக்கிற அக்கா "என்ன, இன்னைக்கு ஊமையாயிட்ட" என்றார்.

வியாழக்கிழமை இரவு வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தது. கையில் எல்லாம் பஞ்சுத் தூசி. தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன், அம்மா ஞாபகம் வந்தது. நான் வேலை முடிந்து லீவுக்கு ஊருக்குப் போனால் என் தலையில் ஒட்டியிருக்கிற பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்து வைப்பார்கள். "கேட்டீரா, அம்மா பஞ்சு எடுப்பாங்களே" என்றேன். அவ்வளவுதான், அப்புறம் நிற்கவில்லை. நீர் அங்கே இருந்தீரா, இருந்தும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தீரா, நான் பட்டினி கிடந்தது உமக்குத் தெரியுமா, ஏன் அந்த அட்டை எனக்கு வந்தது, நான் பஸ்ஸில் இருக்கும்போதா கூட்டிக்கொண்டு போகவேண்டும், இன்னும் 3 மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உதடு அசைந்திருக்கும். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

என் நிறுத்தம் போனதே தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வந்த வழியே நடந்தேன். நடக்கும்போதும் பேச்சு முடியவில்லை. அது கோபமாகத்தான் ஆரம்பித்தது. பாதி வழியில் அம்மா செய்கிற கருப்பட்டிப் பணியாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே மாறியது என்று தெரியவில்லை.

சத்தம் எதுவும் கேட்கவில்லை, தரிசனமும் இல்லை. என் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. எதிரே இருக்கிற அக்கா பதில் சொல்லாமல் கேட்கும்போதும் கேட்கிறார் என்று எனக்குத் தெரியுமே, அதே மாதிரி தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்த அட்டையை வெளியே எடுத்தேன். கிழித்துப் போடவில்லை. இட்லி மாவு டப்பா இருக்கிற அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன், காலையில் கண்ணில் படும்படி. அதைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்டு முடியவில்லை. இன்றைக்குக் காலையிலும் கேட்டேன். முழங்கால்கூடப் போடவில்லை, சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே. தாத்தா ஜெபம் அதற்கு அப்புறம்தான் பண்ணினேன்.

மாற்கு 3ஆம் அதிகாரம் வரை பென்சிலால் குறித்திருக்கிறேன் உதவிகுரு ஐயரே. அந்தச் சூம்பின கைக்காரன் இடத்தில் ரெண்டு கோடு போட்டேன்.

வாத்தியார் ஐயா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பா அன்றைக்கு மரத்திலிருந்து இறங்கின பிறகு, அடுத்த நாள் என்ன பேசினார்?


தேரிக்காட்டு_வாத்தியார் எழுதியது:

அடுத்த நாள் காற்றைப் பற்றிப் பேசினார் மகளே. "இன்னைக்குக் காத்து சாஸ்தியா இருக்கு, கேட்டீரா, மட்டையக் கொஞ்சம் பிடிச்சிக்கிடும்" என்றார்.